மண்டபம் லேத்துப் பட்டறையில் ஆர்எக்ஸ் 100 பிளாக்குக்கு ரீபோர்

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து, வீட்டில் நிற்கும் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் எஞ்சினை ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி) சற்று வேகத்துக்கு ஏற்றபடி கட்ட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டியைத்தான். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கிறது. ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி எனக் கரை நெடுகிலும் படகு எஞ்சின்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பது அந்த நாட்களில்தான். பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதத்தில் வந்த நான், மண்டபத்தில் ஒரு லேத்துப் பட்டறையின் வாசல் வரை பெரிய டீசல் எஞ்சின்கள் பிரிந்து கிடப்பதைப் பார்த்ததும், கைப்பையிலிருந்த என் சின்ன பிளாக்கை (சிலிண்டர் கட்டையை) வெளியே எடுக்கவே கூசினேன்.

அப்படியும் அங்கேயே கொடுத்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் விசாரித்த வேறொரு கடையில் சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிவிட்டு, முதல் ஓவர்சைஸ் (வழக்கமான அளவைவிட ஒரு படி பெரிய பிஸ்டன்) போதும், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அளவுகருவி எதுவும் மேசைக்கு வரவில்லை. மண்டபத்து மேஸ்திரியோ பிளாக்கைக் கழுவித் துடைத்து, போர் கேஜை (துளையின் விட்டத்தை அளக்கும் கருவியை) மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில், ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு திசைகளில் வைத்துப் பார்த்து, ஆறு அளவுகளையும் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்தார். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர்; ஒரே மட்டத்தில் இரு திசைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஓவல். பிஸ்டனைச் சுற்றியுள்ள மேல் ரிங் ஏறித் திரும்பும் இடத்தை ஒட்டி, பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கத்தில்தான் தேய்மானம் பொதுவாக அதிகமாக இருக்கும். அந்தப் பள்ளம் முழுவதும் மறையும் ஓவர்சைஸ் எதுவோ, அதையே எடுக்க வேண்டும். என் பிளாக்குக்கு முதல் ஓவர்சைஸ் போதவில்லை, இரண்டாவது தேவைப்பட்டது.

அளவெடுத்தும் அவர் வேலையைத் தொடங்கவில்லை. "பிஸ்டன் இல்லாம பிளாக்கை மட்டும் கொண்டாந்தா, நான் எதை வச்சு அளவு ஓட்டுறது தம்பி?" என்று கேட்டார். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது பெயரளவுக்கான அளவுதான். பிஸ்டனின் அடிப்பகுதியை மைக்ரோமீட்டரால் அளந்து, பிஸ்டன் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை அதனோடு கூட்டினால் கிடைப்பதே துளையின் இறுதி அளவு. அந்த இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் என்றாலும், குறைந்தால் சூட்டில் பிஸ்டன் இறுகிப் பிடிக்கும், கூடினால் தடதடக்கும். வெளிநாட்டிலிருந்து ஃபோர்ஜ்டு (உலோகத்தை அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன் கொண்டுவருபவர்கள் அதற்கான தாளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வழக்கமான வார்ப்பு பிஸ்டனைவிட அது சூட்டில் அதிகம் விரிவதால் இடைவெளியும் அதிகம் தேவைப்படும். நான் மதுரையிலிருந்து பிஸ்டனைப் பேருந்துப் பார்சலில் வரவழைத்தேன்.

அங்கே காத்திருந்த இளைஞர்கள் சிலர், கடைசி ஓவர்சைஸுக்கே நேராகப் போய்விட்டால் வண்டி பறக்கும் என்றார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இந்த எஞ்சினின் துளையும் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும்) 50 மில்லிமீட்டர், கொள்ளளவு சுமார் 98 சிசி. துளையை 51 மில்லிமீட்டர் ஆக்கினால் கிடைப்பது சுமார் 102 சிசி, அதாவது 4 சதவீதம். அதற்காக இடையிலுள்ள ஓவர்சைஸ்களை எல்லாம் தூக்கியெறிவது, 1996-க்குப் பிறகு தயாரிப்பே இல்லாத வண்டிக்குச் செய்யும் கெடுதல் என்பது என் கருத்து. இதுபோன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் வேகம் போர்ட்டுகளிலும் (வாயு வந்துபோகும் சிலிண்டர் சுவர்த் திறப்புகளிலும்) சைலன்சரிலும் ஹெட்டின் கம்ப்ரஷனிலும் இருக்கிறது. ரிங்குகள் காற்றுப் புகாமல் உட்காருவதற்கு வட்டமான, நேரான சுவரைத் தருவதே ரீபோரின் வேலை. பெரிய ஸ்லீவ் (சிலிண்டரின் உள்ளுறை) இறக்கி சிசியையே மாற்ற நினைப்பவர்கள், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

போர்ட் வேலை உண்டென்றால் அதை ரீபோருக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. பிறகு செய்யும்போது கருவி வழுக்கினால் புதுச் சுவரில் கோடு விழும். மேஸ்திரி பிளாக்கின் அடிப்பரப்பைச் சுத்தமாகத் தேய்த்து, அதை ஆதாரமாக வைத்தே இயந்திரத்தில் பூட்டினார்; துளை அந்தப் பரப்புக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் பிஸ்டன் ஒரு பக்கமாகவே தேயும். ஹோனிங்குக்கு (கல்லால் தேய்த்துச் சுவரை முடிப்பதற்கு) கொஞ்சம் விட்டு நிறுத்தி, சூடு ஆறிய பிறகு மறுபடி அளந்து, எண்ணெய் நிற்கும்படி குறுக்குக் கோடுகள் விழ ஹோன் செய்தார். எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பின் நடந்ததுதான். துளையிடும்போது போர்ட்டுகளின் விளிம்பு கத்தியாகக் கூர்மைப்பட்டுவிடும். அப்படியே விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். படகின் வெளியே மாட்டும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்களில் பழகிய கை என்பதால், சொல்லாமலே ஒவ்வொரு விளிம்பையும் மழுக்கிச் சரிவாக்கினார்.

கழுவுவதற்கு பெட்ரோலை அவர் ஏற்கவில்லை. ஹோனிங் கல்லின் பொடி சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால்தான் போகும் என்றார். வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத வரை துடைத்து, ஈரம் காய்ந்ததும் எண்ணெய் பூசிப் பாலிதீனில் சுற்றினார். இந்த உப்புக்காற்றில் வெறும் சுவரை ஓர் இரவு விட்டாலே துரு பூத்துவிடும்.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்க ஆளில்லை, சொன்ன நாள் தள்ளிப்போயிற்று, மின்தடையில் இயந்திரம் பாதியில் நின்றது. கூலி ரீபோருக்கும் ஹோனிங்குக்கும் சேர்த்து, விளிம்பு மழுக்குவதற்குத் தனி. இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். விடுப்பு குறைவாக உள்ளவர்கள் ஜூன் 14-க்குப் பிறகு வருவதும், வருமுன்பே ஊரிலுள்ள ஒருவர் மூலம் பிளாக்கை அளக்கச் செய்து, அதற்குரிய பிஸ்டனைக் கையோடு கொண்டுவருவதும் நல்லது.