"எடுத்து வையுங்க சார், நாளைக்குப் போடுறேன்": பழைய நாணயம் விற்கும் அனுபவம்

பழைய நாணயமும் நோட்டும் சேர்ப்பவர்களிடம் ஒரு கட்டத்துக்கு மேல் டூப்ளிகேட் குவிந்துவிடும். மொத்தமாக ஒரு லாட் வாங்கினால் நமக்கு வேண்டியது அதில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்றவை ஏற்கெனவே ஆல்பத்தில் இருப்பவை. அவற்றைக் கைமாற்றினால்தான் அடுத்ததை வாங்கப் பணம் புரளும். நானும் அப்படித்தான் ஆன்லைனில் விற்க ஆரம்பித்தேன். யு.பி.ஐ. வருவதற்கு முன்பு, வங்கியில் வரிசையில் நின்று பணம் கட்டிவிட்டு சலானைப் படம் எடுத்து அனுப்பிய காலத்திலிருந்து விற்கிறேன். பொருள் தேடுவது, தரம் பார்ப்பது, விலை வைப்பது எல்லாம் பழகிவிட்டது. வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர்களைச் சமாளிப்பதுதான் இன்னமும் பெரிய வேலையாக இருக்கிறது. புதிதாக விற்க வருகிறவர்கள் பலர் இதிலேயே மனம் வெறுத்துப் போய்விடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

மோசடிக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு. அதிகம் வருகிறவர்கள் 'எடுத்து வையுங்க' ஆட்கள். படம் போட்ட சில நிமிடத்தில் "புக்" என்று போட்டுவிடுவார்கள். அடுத்து "சார், சம்பளம் வந்ததும் போடுறேன்", அப்புறம் "ஊருக்குப் போயிருக்கேன்", அப்புறம் நீல டிக் மட்டும். இதற்கிடையில் அதே பொருளை உண்மையாகவே தேடிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டிருப்பார்; அவரிடம் "போயிடுச்சு சார்" என்று சொல்லியிருப்போம். அவர் வேறு இடத்தில் வாங்கிவிடுவார். பொருள் நம் அலமாரியிலேயே இருக்கும்.

வெள்ளி ரூபாய்களில் இது வெறும் காலதாமதத்தோடு நிற்பதில்லை. பிரிட்டிஷ் இந்தியா ரூபாய் 11.66 கிராம் எடை, 1939 வரை அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940இலிருந்து அடித்தவற்றில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. ஆகவே பழைய ரூபாய் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 10.7 கிராம் சுத்த வெள்ளி. எளிதில் கிடைக்கும் சாதாரண வருடக் காசுகளின் விலை வெள்ளி மார்க்கெட்டோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஒருவருக்காக நான் இரண்டு வாரம் எடுத்து வைக்கிறேன் என்றால், அந்த இரண்டு வாரத்தில் வெள்ளி ஏறினால் அவர் உடனே பணம் போட்டுப் பழைய விலைக்கு எடுத்துக்கொள்வார். இறங்கினால் பதில் வராது. லாபம் வந்தால் அவருக்கு, நஷ்டம் வந்தால் எனக்கு. 2025இல் வெள்ளி ஏறிய வேகத்தில், மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் எல்லாம் "அன்னைக்கு எடுத்து வைக்கச் சொன்னேனே சார்" என்று வந்து நின்றார்கள்.

இப்போது என் வழக்கம் இது: 24 மணி நேரம் யாருக்காகவும் எடுத்து வைப்பேன், எதுவும் கேட்க மாட்டேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் விலையில் ஐந்தில் ஒரு பங்கு அட்வான்ஸ். சொன்ன தேதிக்குள் மீதி வராவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது. இதை விலையோடு சேர்த்தே பதிவில் எழுதிவிடுவேன், பிறகு சொன்னால் சண்டை வரும். அட்வான்ஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே பெரும்பாலானவர்கள் விலகிவிடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. விலகாமல் நின்றவர்களில் பலர் இன்றுவரை என்னிடம் வாங்குகிறார்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் விடும் ஏலம் இதைவிடச் சிக்கல். ராத்திரி ஒன்பது மணிக்கு ஏலம் சூடு பிடிக்கும். ஆர்வத்தில் ஏற்றிக் கேட்டவர் காலையில் கணக்குப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவார். நான் ஏலம் விட்டவற்றில் 1911ஆம் வருட ரூபாய் ஒன்று இப்படி ஆனது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் பொறித்த யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருந்ததால் எதிர்ப்பு கிளம்பி, மறுவருடமே வடிவத்தை மாற்றினார்களே, அந்த 'பன்றி ரூபாய்'. ஜெயித்தவர் காணாமல் போனதும் இரண்டாவதாகக் கேட்டவரை அழைத்தேன். "நீங்களே ஆள் வச்சு ஏத்திவிட்டு இப்போ என் தலையில கட்டுறீங்களா?" என்று கேட்டார். அவர் சந்தேகம் நியாயமானது, அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பின்வாங்கிய ஒருவரால் பொருள் தங்கியது சின்ன விஷயம், என் பேர் கெட்டதுதான் பெரிய விஷயம்.

அதிலிருந்து ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறேன். ஜெயித்தவர் ஓடிவிட்டால், அவர் ஏலத்திலேயே இல்லாதது போலக் கணக்குப் போடுவேன். அதாவது இரண்டாமவர் தன் கடைசி விலையைத் தர வேண்டியதில்லை. மூன்றாமவர் கேட்ட விலைக்கு மேல் ஒரு படி (ஏலத்தில் ஒரு தடவை ஏற்றிக் கேட்க வேண்டிய குறைந்த தொகை) தந்தால் போதும். 3,000இல் மூன்றாமவர் நின்றிருந்தால், படி 100 ரூபாய் என்றால், இரண்டாமவருக்கு 3,100. அவர் 4,500 வரை கேட்டிருந்தாலும் 3,100தான். ஓடியவர் ஏற்றிவிட்ட விலையை இன்னொருவர் ஏன் கொடுக்க வேண்டும்? இதில் எனக்குப் பணம் குறைகிறது, உண்மை. ஆனால் இந்த முறையை ஏலத்துக்கு முன்பே எழுதிப் போட்ட பிறகு யாரும் ஆள் வைத்து ஏற்றியதாகச் சொன்னதில்லை.

'பார்சல் சேர்த்து அனுப்புங்க' என்பது இன்னொரு வகை. நயா பைசா, இருபது பைசா தாமரைக் காசு மாதிரி சின்ன விலைப் பொருள்களில் கொரியர் சார்ஜ் பொருளை மிஞ்சிவிடும். அதனால் வாரா வாரம் வாங்கிச் சேர்த்து மாதக் கடைசியில் ஒரே பார்சலாகக் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஒவ்வொருவருக்கும் பேர் எழுதிய கவரில் போட்டு வைப்பேன். பணம் வந்த பொருள் மட்டும் கவருக்குள் போகும், வராதது மறுநாள் விற்பனைக்குப் போகும். இதைத் தவிர இந்த வகைக்குப் பெரிய வைத்தியம் தேவைப்படவில்லை.

திருப்பி அனுப்புகிறவர்கள் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும், ஏனென்றால் சரியான புகாரும் பொய்ப் புகாரும் ஒரே குரலில் வரும். புதுக்கோட்டை அம்மன் காசு ஒன்றை வாங்கிய ஒரு பையன், போலியை அனுப்பிவிட்டீர்கள் என்று கோபமாக எழுதினான். மீதிப் பணம் தர மாட்டேன், குழுவில் போடுவேன் என்றான். காரணம், காசின் பின்பக்கத்தில் தெலுங்கு எழுத்து இருந்தது. தொண்டைமான் சமஸ்தானம் தமிழ்நாட்டில்தானே, தெலுங்கு எப்படி வரும் என்பது அவன் கேள்வி. அசல் அம்மன் காசே அப்படித்தான்: ஒரு பக்கம் உட்கார்ந்த நிலையில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நாயக்கர் காசுகளிலும் தெலுங்கு எழுத்து உண்டு. இதைப் பொறுமையாகச் சொல்லி, என்னிடம் இருந்த மற்ற அம்மன் காசுகளையும் வரிசையாக வைத்துப் படம் அனுப்பினேன். "சாரி அண்ணா" என்று அன்றே மீதியைப் போட்டுவிட்டான். அவனை ஏமாற்றுக்காரன் என்று நினைத்து நானும் கத்தியிருந்தால் ஒரு நல்ல சேகரிப்பாளனை இழந்திருப்பேன். இப்போது புதுக்கோட்டைக் காசுகளில் அவனுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

ஆனால் எல்லாரும் அந்தப் பையன் இல்லை. விக்டோரியா ராணி 1862 ரூபாய் விற்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: 1862 என்ற தேதியை மாற்றாமலேயே 1874 வரை அடித்தார்கள். பின்பக்கத்தில் இருக்கும் நுணுக்கமான புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து ரகம் பிரிப்பார்கள், ரகத்துக்கு ரகம் விலை வேறு. புள்ளிகள் கூடிய ஒரு நல்ல காசை ஒருவர் வாங்கினார். ஒரு வாரம் கழித்து "தரம் சரியில்லை" என்று திருப்பி அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் வெள்ளை வெளேர் என்று புளி போட்டுத் தேய்த்த காசு. நான் அனுப்பியதில் ஓரம் நீலமும் நடு சாம்பலுமாக இயற்கையான டோனிங், அதாவது வருடக்கணக்கில் வெள்ளியில் ஏறும் நிறம், இருந்தது. காசைக் கழுவிவிட்டார் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். லென்ஸ் வைத்துப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது: கூடுதல் புள்ளிகளே இல்லை. அது என் காசே இல்லை. என் காசை வைத்துக்கொண்டு சாதாரண ரகம் ஒன்றை அனுப்பியிருக்கிறார்.

விற்கும் ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் பெரிதாக்கிப் படம் எடுத்து, டிஜிட்டல் தராசில் வைத்து எடை தெரிய ஒரு படம் எடுத்து, கவரில் போட்டு ஒட்டும் வரை வெட்டாத வீடியோ எடுத்து வைப்பது என் பழக்கம். திரும்பி வரும் பார்சலையும் வீடியோ எடுத்தபடிதான் பிரிப்பேன். புள்ளிகள் தெரியும் இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்து அவருக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை, பணம் கேட்பதையும் நிறுத்திவிட்டார். அவர் அனுப்பிய காசை அவர் செலவிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நோட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு, சீரியல் எண்ணே சாட்சி சொல்லிவிடும்.

இனி முழு மோசடி. பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வரும். அதைப் பார்த்துப் பொருளை அனுப்பக் கூடாது. போலி ஸ்கிரீன்ஷாட் செய்வதற்கென்றே ஆப் இருக்கிறது. வங்கிக் கணக்கைத் திறந்து வரவு தெரிந்தால்தான் பணம். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டைப் படம் அனுப்பி, பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டு, "இந்த கியூ.ஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்பவர்கள் பழைய பொருள் விற்கும் எல்லா இடத்திலும் சுற்றுகிறார்கள். நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் பணம் போகும், அவ்வளவுதான். தனிநபர்களிடம் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் வசதியை 2025 அக்டோபரில் நிறுத்தியது நல்ல காரியம், ஆனால் கியூ.ஆர். வலை அப்படியே இருக்கிறது.

பலர் யோசிக்காத ஆபத்து ஒன்று உண்டு. வாங்குகிறவர் பேர் ஒன்று, பணம் வரும் கணக்கின் பேர் வேறு. "நண்பன் கணக்குல இருந்து போட்டேன்" என்பார். அந்தப் பணம் வேறு எங்கோ யாரையோ ஏமாற்றி எடுத்ததாக இருந்து, பணத்தை இழந்தவர் சைபர் குற்றப் புகார் கொடுத்தால், பணம் போன வழியெல்லாம் கணக்குகள் முடங்கும். விற்றவர் கணக்கும் அதில் ஒன்று. நாணயத்தை அனுப்பிவிட்டுக் கணக்கும் முடங்கி, வேறு மாநிலக் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வாங்குகிறவர் பேரில் உள்ள கணக்கிலிருந்து வந்தால் மட்டும் பொருளை அனுப்புவேன். பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும்.

வாங்குவது போல் வந்து விற்பவரையே சுரண்டும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது. வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வீடியோ போடுவார்கள். 2012 என்று பொறித்த புழக்கக் காசு அது. வீட்டில் அந்தக் காசு வைத்திருக்கும் வயதானவர் அழைத்தால், முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு ரிசர்வ் வங்கிக் கமிஷன் என்று கறப்பார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதில் தங்களுக்குச் சம்பந்தம் இல்லை, யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்று. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு, "காசு உங்ககிட்ட குடுத்தா எவ்ளோ தருவீங்க தம்பி?" என்று என்னை அழைத்த ஒரு பெரியவரிடம் உண்மையான விலையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன். மகனிடம் தெரிவிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வெளிநாட்டிலிருந்து நல்ல விலைக்குக் கேட்பவர்கள் பற்றி ஒரு வரி: நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள், தனிநபர்கள் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. "கிஃப்ட்னு எழுதி அனுப்புங்க" என்பவருக்கு நான் பதிலே போடுவதில்லை. பார்சலை வாங்கும்போது பணம் கட்டும் வி.பி.பி. தபாலையும் விட்டுவிட்டேன். பணம் கட்டி எடுத்துக்கொள்ள ஆள் வராமல் பார்சல் திரும்பினால் போக்குவரத்துச் செலவு முழுக்க நம் தலையில்.

இவ்வளவுக்கும் நடுவில் நான் நம்புகிறவர்கள் யார் என்றால், பதில் போடுகிறவர்கள். ஏலத்தில் ஜெயித்து அட்வான்ஸும் போட்ட மறுநாள் "அண்ணா, அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம், என்னால எடுக்க முடியாது" என்று எழுதியவரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். விதி விதிதான், ஆனால் அந்த ஒரு வரியை எழுத அவர் யோசித்திருப்பாரே. பணம் இல்லை என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இது தெரிந்தால் பாதிப் பேர் ஓட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஓடியவர்களின் போன் நம்பரையும் படத்தையும் குழுவில் போட்டு 'பிராடு' என்று முத்திரை குத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. காணாமல் போனவரும் காசை மாற்றி அனுப்பியவரும் ஒன்றில்லை. நம்பர் கைமாறி வேறொருவரிடமும் போயிருக்கலாம். மோசடி என்று ஆதாரம் இருந்தால் படங்களோடு அட்மினிடம் தனியாகக் கொடுப்பேன், தேவைப்பட்டால் போலீசில் கொடுப்பேன். மற்றவர்கள் நம்பருக்கு எதிரே என் நோட்டில் 'முழுப் பணம் முன்னால்' என்று எழுதி வைக்கிறேன். அதே ஆள் பிறகு வந்து, சொன்னபடி முழுப் பணம் போட்டு இரண்டு தடவை வாங்கினால், அந்தக் குறிப்பை அடித்துவிடுவேன். அப்படி அடித்த வரிகள் என் நோட்டில் கணிசமாகவே இருக்கின்றன.