ஸ்கேன் இல்லை, டேப்தான்: வயிற்றுப் பிள்ளையோடு இங்கிலாந்து போன அனுபவம்

திருமங்கலத்தில் இருக்கும் என் சித்தி மகளுக்கு, கணவர் இருக்கும் இங்கிலாந்துக்குப் போக விசா வந்துவிட்டது. ஐந்தாம் மாதம் நடக்கிறது. "அக்கா, இங்கயே பெத்துட்டுப் போகட்டுமா, இப்பவே கிளம்பட்டுமா?" என்று கேட்டாள். போனில் அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. மகனுக்கு இரண்டு வயது ஆகிவிட்டது, லீவுக்கு மதுரை வந்திருக்கிறேன், அவன் தூங்கும் நேரத்தில் அவளுக்கு முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் ஆத்திரம். இன்னும் அது ஆறவில்லை. இங்கிலாந்தில் சிக்கல் இல்லாத, ஒற்றைப் பிள்ளைக் கர்ப்பத்துக்கு வழக்கமாக இரண்டே ஸ்கேன்தான். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 21 வாரத்துக்குள் இன்னொன்று. இரண்டையும் மதுரையிலேயே முடித்துவிட்டு ஆறாம் மாதம் போய் இறங்கினேன். அதோடு சரி, பிறக்கும்வரை இனி ஸ்கேன் இல்லை என்றார்கள். மதுரையில் நான் பார்த்த டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் வயிற்றில் மெஷினை வைத்து, "இந்தா பாரும்மா, துடிப்பு" என்று திரையைத் திருப்பிக் காட்டுவார். வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் சொல்ல அது போதும். அங்கே கர்ப்பத்தையும் பிரசவத்தையும் பார்ப்பவர் மிட்வைஃப், அதற்கென்றே படித்த செவிலியர் மாதிரி. அவர் தன் பையிலிருந்து எடுத்தது தையல்கடையில் இருப்பது போன்ற ஒரு டேப். அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சிவரை அளந்தார். 26 வாரம் என்றால் 26 சென்டிமீட்டர் பக்கம் இருந்தால் நல்லது. வளர்ச்சி வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தார். முடிந்தது. டாக்டர் என்று ஒருவர் அறைக்குள் வரவே இல்லை.

நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். சிக்கல் இல்லாத பெண்கள் எல்லோருக்கும் கடைசி மாதங்களில் ஸ்கேன் எடுத்ததால் தாய்க்கோ பிள்ளைக்கோ கூடுதல் நன்மை கிடைத்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. அதனால்தான் 28 வாரத்துக்குப் பிறகு வழக்கமாக ஸ்கேன் வேண்டாம் என்று அந்த நாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. என் பெரியம்மா உசிலம்பட்டிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் நான் அழுதபோது, "ஏன்டி, நாங்க கையை வச்சே மாசம் சொல்லுவோம், அவ டேப்பாவது வச்சிருக்காளே" என்றார். எட்டாம் மாதத்தில் ஒரு தடவை அளவு முன்பிருந்தபடியே நின்றுவிட்டது. மிட்வைஃப் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் அந்த வாரமே ஸ்கேனுக்கு அனுப்பினார். பிள்ளை நன்றாகத்தான் இருந்தான், குறுக்காகப் படுத்திருந்தான். ஆக, அந்த டேப் தன் வேலையைச் செய்தது. எல்லாம் புரிகிறது. ஆனாலும் அந்த வாரம் நான் தூங்கவில்லை. மதுரையாக இருந்திருந்தால் அன்று சாயங்காலமே பார்த்திருப்பேன்.

இனி நல்லதைச் சொல்கிறேன், அது நிறைய இருக்கிறது. பிரசவப் பிரிவில் இரவும் பகலும் எடுக்கும் ஒரு போன் நம்பர் தருவார்கள். அசைவு குறைந்த மாதிரி இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே கூப்பிட வேண்டும். நான் நடுராத்திரி கூப்பிட்டேன். "இதுக்கெல்லாமா?" என்ற தொனியே இல்லை. வரச் சொன்னார்கள், பெல்ட் கட்டித் துடிப்பைப் பதிவு செய்தார்கள், மறுபடியும் சந்தேகம் வந்தால் மறுபடியும் வா என்று அனுப்பினார்கள். இன்னொரு நாள் என் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று கேட்டார்கள். எல்லாப் பெண்களிடமும் தனியாகக் கேட்பார்களாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை. நம் ஊரில் அந்தக் கேள்வி யாராவது கேட்டிருக்க வேண்டிய இரண்டு மூன்று முகங்கள் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தன.

பிரசவ அறையில் கணவர் கடைசிவரை கூடவே இருந்தார். எங்கே பெறுவது என்பதையும் நாமே சொல்லலாம்: வீடு, மிட்வைஃப்கள் நடத்தும் பிரிவு, டாக்டர்கள் இருக்கும் பிரிவு. முதல் பிரசவத்தில் வீட்டையோ மிட்வைஃப் பிரிவையோ தேர்ந்தெடுப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நடுவில் டாக்டர் பிரிவுக்கு மாற்ற வேண்டி வருகிறது. அதனால் இந்த இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடமாகப் பார்த்தேன். நீயும் அப்படியே பார்.

அங்கே போனால் சுகப்பிரசவம்தான் என்று உன் மாமியார் சொன்னதை மட்டும் நம்பாதே. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் சிசேரியன் 45 சதவீதம் அளவில் இருந்தது, தனியார் மருத்துவமனைகளில் 60-ஐத் தாண்டியது. இங்கிலாந்திலும் இப்போது பத்தில் நாலுக்கு மேல் பிரசவம் சிசேரியன். அங்கே பிறந்தால் அந்த நாட்டுக் குடியுரிமை என்பதும் 1983-லிருந்து கிடையாது. வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான். இந்தியத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதிய வேண்டும்.

பணம்: விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பாய், பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு. அதைக் கட்டியவர்களுக்கு என்எச்எஸ்-இல், அதாவது அந்த நாட்டு அரசு மருத்துவ சேவையில், பிரசவத்துக்குத் தனி பில் வராது. இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கு மருந்துச் சீட்டும் பல் சிகிச்சையும் பிள்ளைக்கு ஒரு வயது வரை இலவசம், அதற்கான சான்றிதழை மிட்வைஃபிடம் கேட்டு வாங்கு. சுற்றுலா விசாவில் போய்ப் பெறுவது வேறு கதை. மறுக்க மாட்டார்கள், ஆனால் என்எச்எஸ் செலவுக் கணக்கில் ஒன்றரை மடங்கு பில் வரும்.

பிரசவத்துக்குப் பிறகுதான் தனிமை தெரிந்தது. டோஸ்டும் டீயும் கொடுத்தார்கள், மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூண்டுக் குழம்பு இல்லை, கால் நீவிவிட ஆள் இல்லை. அம்மா கீழமாசி வீதியில் சாமான் வாங்கி இடித்துக் கொடுத்த மருந்துப் பொடிதான் துணை. ஆனால் மிட்வைஃப் வீடு தேடி வந்தார். தையலைப் பார்த்தார், பால் கொடுக்கும்போது பிள்ளையின் வாயைத் திருத்தி வைத்தார், ஐந்தாம் நாள் பிள்ளையின் குதிகாலில் குத்திப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார், என்னைப் பார்த்து "நீ சாப்பிட்டாயா?" என்றும் கேட்டார். அந்த வாரத்தில் அம்மாவுக்கு அடுத்தபடி அதைக் கேட்டவர் அவர்தான். காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவதில்லை, ஆனால் பெற்றோர் இந்தியாவில் பிறந்தவர்கள் என்றால் உண்டு. தேதி வராவிட்டால் விடாமல் கேள்.

சரி, முடிவு. இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், இன்னொரு பிள்ளை என்றால் நான் மதுரையில்தான் பெறுவேன். எனக்கு மாதாமாதம் அந்தத் திரை வேண்டும், பக்கத்தில் அம்மா வேண்டும். ஆய்வு என்ன சொன்னாலும் வேண்டும்.

ஆனால் நீ இப்போதே கிளம்பு. இங்கே பெற்றால் கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட், விசா, அதற்கும் வருடம் 776 பவுண்டு கட்டணம், எல்லாம் முடிந்து தனியாகத் தூக்கிக்கொண்டு சென்னை போய் விமானம் ஏற வேண்டும். உன் கணவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே மாதங்கள் ஆகும். 28 வாரம் தாண்டினால் பெரும்பாலான விமானங்களில் டாக்டர் கடிதம் கேட்பார்கள், 36-க்குப் பிறகு பொதுவாக ஏற்றுவதில்லை. வளைகாப்பை ஏழாம் மாதம்வரை தள்ளாமல் இந்த மாதமே போடச் சொல், சித்தியிடம் நான் பேசுகிறேன்.

டாக்டரிடம் டைப் செய்த சுருக்கம் கேள். ஸ்கேன் படம் மட்டும் போதாது. கடைசி மாதவிலக்குத் தேதி, ரத்த வகை, இரண்டு ஸ்கேன் அறிக்கை, போட்ட ஊசிகள், மாத்திரைகளின் மருந்துப் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும், இங்கத்திய பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. தைராய்டு அங்கே வழக்கமாகப் பார்ப்பதில்லை, நீ மாத்திரை சாப்பிடுகிறாய் என்பதை முதல் நாளே சொல். அளவு சொல்லும் அலகும் மாறும்: இங்கே ஹீமோகுளோபின் 11 என்றால் அங்கே 110, சர்க்கரை 140 என்றால் 7.8. இந்தியக் குடும்பம் என்பதால் 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், தட்டாதே. போய் இறங்கிய வாரமே பக்கத்து மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் இணையம் வழியாக நீயே பதிந்துகொள்ளலாம், முகவரி உறுதியானதும் எனக்கு அனுப்பு, சேர்ந்தே பார்த்துப் பதிவோம்.