கையெழுத்தில்லாத மாட்யூலும் காணாமல் போன டிரேஸும்: எந்தத் தீர்வு சரி?

2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) 3.7, மாட்யூல்களின் (ஓடும் கெர்னலில் தேவைக்கேற்பச் சேர்க்கும் துண்டு நிரல்களின்) டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க ஆரம்பித்தது. கூடவே ஒரு வினோதக் கோளாறும் வந்தது. கையெழுத்தில்லாத மாட்யூலை ஏற்றினால் ஒழுங்காக ஓடும். டிரேசிங் (கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவுசெய்யும் வசதி) டைரக்டரியில் அதன் ஈவென்ட்கள் (பதிவாகக்கூடிய நிகழ்வுகள்) தெரியும். எனேபிள் கோப்பில் 1 எழுதினால் கெர்னல் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். டிரேஸைத் திறந்து பார்த்தால் மட்டும் ஈ காக்கா இருக்காது.

எல்லாம் ஓர் எழுத்தால் வந்த வினை. கெர்னல் பதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் வலுக்கட்டாயமாக ஏற்றும் மாட்யூலுக்கு 'எஃப்' (F) என்று டெயின்ட் முத்திரை (கெர்னல் 'மாசுபட்டது' என்று காட்டும் எழுத்து) விழும். கையெழுத்தில்லாததற்கும் அதையே குத்திவிட்டார்கள். 'எஃப்' விழுந்த மாட்யூலின் டிரேஸ்பாயின்ட் (ஈவென்டைப் பதிவுசெய்ய நிரலில் வைத்த இடம்) பக்கமே கெர்னல் போகாது.

"கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பது ஒரு பதில். சொல்வது சுலபம். டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) தன் கெர்னலைக் கட்டும்போது உருவாகும் தனிச்சாவி நம் கைக்கு வராது. நாமே சாவி செய்து கெர்னலைக் கட்டினாலும், கையெழுத்து ஒட்டியிருப்பது கோப்பின் வாலில். பேக்கேஜ் செய்கிறவர் பழக்கதோஷத்தில் ஒருமுறை 'ஸ்ட்ரிப்' (கோப்பில் வேண்டாததை நறுக்கும் கருவி) ஓட்டினால் போச்சு.

'எஃப்' போடும் தடையையே தூக்கிவிடலாமே? இதை நான் ஒப்பமாட்டேன். மாட்யூலுக்குள் இருக்கும் டிரேஸ்பாயின்ட் விவரங்களைத் தன் ஸ்ட்ரக்சர் (தரவு அடுக்கிய விதம்) அமைப்பை வைத்துத்தான் கெர்னல் படிக்கிறது. வேறு கெர்னலின் ஹெடரில் (ஸ்ட்ரக்சர்களை விவரிக்கும் கோப்பில்) கட்டியதை வம்பாக ஏற்றியிருந்தால் பாயின்டர் எங்கேயோ போய் நிற்கும், இயந்திரம் விழும். தடை போட்டதே அதற்காகத்தான்.

கெர்னல் நிரலாளர் மேத்யூ டெஸ்நோயர்ஸ் முன்வைத்தது தனி முத்திரை: கையெழுத்தில்லாததற்கு 'ஈ' (E), டிரேஸ்பாயின்டுக்கு அது தடையில்லை. 2014 ஜூனில் 3.15-இல் வந்தது. இரண்டு குற்றத்துக்கு ஒரே முத்திரை என்பதுதான் மூலக்கோளாறு என்பதால் என் ஓட்டு இதற்கே.

அதற்கு முன்பே 3.14-இல் டிரேசிங் பகுதியைப் பராமரிக்கும் ஸ்டீவன் ரோஸ்டெட் செய்த சின்னத் திருத்தத்தையும் குறைத்து மதிப்பிட முடியாது. டெயின்ட் ஒத்துவராத மாட்யூலுக்கு ஈவென்ட் கோப்புகளே உருவாகாது, காரணம் லாகில் வந்துவிடும். நோய் தீரவில்லைதான், ஆனால் எங்கே வலிக்கிறது என்றாவது தெரிந்தது.

இப்போது கெர்னல் மூலநிரலுக்கு வெளியில் கட்டிய, கையெழுத்தில்லாத மாட்யூலின் டெயின்ட் கோப்பைப் படித்தால் 'ஓ' (O, வெளியில் கட்டியது), 'ஈ' இரண்டும் இருக்கும், டிரேஸும் வரும். தனியுரிம மாட்யூல் என்று சொல்லும் 'பி'யும் (P) சேர்ந்திருந்தால் இன்றைக்கும் வராது.