பாம்புக் கெய்ட்டர்: சோனோரன் பாலைவனத்தில் எதைக் காக்கும், எதைக் காக்காது

சோனோரன் பாலைவனம் பரவிக் கிடக்கும் அமெரிக்க மாநிலமான அரிசோனாவில் கோடை மழைக்காலம் வந்துவிட்டால், இருட்டிய பிறகுதான் பாலைவனம் நடமாடத் தொடங்கும். பட்டைப் பல்லியைத் தேடிப் போகிறவர் கால் வைக்கும் அதே மணலில், வாலில் கிலுகிலுப்பை கொண்ட விஷப் பாம்பான ரேட்டில் பாம்பும் (rattlesnake) சுருண்டு கிடக்கும். அந்த மாநிலத்தில் மட்டும் 13 இனங்கள். வாலை ஆட்டி எச்சரித்துவிட்டுத்தான் கடிக்கும் என்று நம்பி நடக்க வேண்டாம். சத்தமே போடாமல் கிடப்பவை ஏராளம். அதனால்தான் கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை மூடும் காப்புறையான கெய்ட்டரை வாங்கச் சொல்கிறோம்.

இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, தடித்த நைலானுக்குள் பாலிகார்பனேட் தகடு செருகியது. தடுப்பதில் உறுதியானது, ஆனால் குந்தி உட்கார்ந்தால் மேல்விளிம்பு முழங்கால் மடிப்பில் அழுத்தும். ஊர்வன தேடுகிறவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குந்துவார்கள், இது சின்னக் குறையல்ல. சில மாதிரிகளில் தகடு முன்னும் பக்கமும் மட்டும் இருக்கும், கெண்டைக்கால் பக்கம் வெறும் துணி. வாங்கும்போதே விரலால் அழுத்திப் பாருங்கள். இன்னொன்று, நெருக்கமாக நெய்த மென்துணி. விலை கூடுதல், காலோடு வளைந்து கொடுக்கும். இரவு முழுக்க நடப்பவருக்கு எங்கள் தேர்வு இதுதான்.

அளவு எடுக்கும்போது பேன்ட் போட்டுக்கொண்டு கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளக்கவும். கீழ்விளிம்பு ஷூவின் லேஸை மூடவேண்டும். அங்கே இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் வாங்கியது வீண். கொக்கிகள் வெளிப்பக்கம் வரட்டும், உள்பக்கம் வந்தால் ஒன்றில் ஒன்று மாட்டி விழத்தட்டும். பாதத்துக்கு அடியில் போகும் வார்தான் பாறையில் உரசி முதலில் அறும்; தனியாக மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். வெல்க்ரோவில் சோய்யா (cholla) என்ற கள்ளிச்செடியின் முள்ளும் மணலும் ஏறினால் பிடி விட்டுவிடும். பழைய பல்துலக்கியும் சிறு இடுக்கியும் போதும் சுத்தம் செய்ய.

கால்விரலை இது மூடாது, எனவே தோல் பூட்ஸ் கட்டாயம். தொடையையும் மூடாது. கையை மூடவே மூடாது, அதுதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. பலகையையும் கல்லையும் புரட்டும் விரலைத்தான் பாம்பு முதலில் பார்க்கிறது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஒரு மீட்டர் நீளப் பாம்புக் கொக்கியை (முனை வளைந்த கோல்) வாங்குங்கள். அதைக் கொண்டு பலகையின் தூர விளிம்பை உங்கள் பக்கமாகத் தூக்கினால், பலகையே உங்களுக்கும் பாம்புக்கும் நடுவே கேடயமாக நிற்கும். பார்த்து முடித்ததும் அதே இடத்தில் மெதுவாக வைத்துவிடுங்கள், அது ஒரு உயிரின் வீடு.

ரேட்டில் பாம்பு பெரும்பாலும் தன் உடல் நீளத்தில் பாதிவரைதான் பாயும். 120 செ.மீ. நீள டைமண்ட்பேக் (ரேட்டில் பாம்பில் ஒரு வகை) என்றால் 60 செ.மீ.; இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் படம் எடுக்கவும் நேரம் கிடைக்கும், பாம்பும் பதறாது.

கடி பட்டுவிட்டால் மோதிரம், கடிகாரம், கெய்ட்டர் மூன்றையும் உடனே கழற்றவும். வீக்கம் ஏறினால் அவை இறுகும். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். கெய்ட்டர் விற்கும் கடைகளிலேயே தொங்கும் விஷம் உறிஞ்சும் பம்பை வாங்கவே வேண்டாம். 2004-இல் வெளியான சோதனையில் தன்னார்வலர்களின் காலில் மாதிரி விஷம் ஏற்றி உறிஞ்சிப் பார்த்தார்கள்: வெளியே வந்த திரவத்தில் இருந்தது, ஏற்றிய மாதிரி விஷத்தில் 0.04% மட்டுமே.