லூசியாவா, கிளாராவா?

"இரண்டுக்கும் ஒளி என்று பொருள்" என்று குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. லத்தீனில் பிறந்த இந்த இரண்டு பெண்பெயர்களையும் பொறுத்தவரை அது பாதி உண்மைதான்.

லூசியாவில் குழப்பமே இல்லை. வேர்ச்சொல் 'லுக்ஸ்', அதாவது வெளிச்சம். லூசியஸ் என்ற ரோமானிய ஆண்பெயரின் பெண்பால் இது. விடியற்காலையில் பிறந்தவனுக்கு லூசியஸ் என்று பெயர் வைத்ததாக ரோமானிய அறிஞர் வார்ரோ எழுதியிருக்கிறார். பழைய ரோமில் இது 'லூகியா' என்று ஒலித்தது; இத்தாலியர் இன்று 'லுச்சீயா' என்கிறார்கள்.

கிளாராவின் கதை வேறு. 'கிளாருஸ்' என்ற சொல் முதலில் காதுக்கு உரியது. 'கூவு' என்று பொருள்படும் 'கிளாமாரே' என்ற வினைச்சொல்லும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. கணீரென்று கேட்பது என்ற பொருள், பளிச்சென்று தெரிவது என்று கண்ணுக்குத் தாவி, பிறகு ஊரெல்லாம் பேசும் புகழுக்கும் வந்தது. நாம் 'பேர்போன' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். இந்தப் பயணமே எனக்கு இந்தப் பெயரை நெருக்கமாக்கியது.

இரண்டையும் உலகெங்கும் கொண்டுசென்றவர்கள் இரண்டு புனிதர்கள். சிசிலித் தீவின் சிராகூசில் 304-ஆம் ஆண்டு, ரோமானியப் பேரரசர் தியோக்ளேசியன் காலத்தில் லூசியா கொல்லப்பட்டதாக மரபு. பெயரில் வெளிச்சம் இருப்பதால் கண்களுக்குப் பாதுகாவலியானார். ஓவியங்களில் தட்டில் இரு கண்களை ஏந்தி நிற்பார். அவர் திருநாள் டிசம்பர் 13. பழைய ஜூலியன் நாட்காட்டியில் நாட்கள் நகர்ந்து, 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆண்டின் மிக நீண்ட இரவு அந்தத் தேதியை ஒட்டி வந்தது. சுவீடனில் இன்றும் அந்நாளில் வெள்ளை உடுத்த பெண்கள், தலையில் மெழுகுவர்த்தி மகுடம் சூடிய ஒருத்தி முன்செல்ல, இருட்டில் பாடி வருகிறார்கள். கொழும்புக் கொட்டாஞ்சேனைப் பேராலயமும் இவர் பெயரில்தான் இருக்கிறது.

இத்தாலியின் அசிசி நகரத்துக் கிளாரா (1194–1253) பிறக்கும் முன்பே, உலகுக்கு ஒளி தரும் குழந்தை பிறக்கும் என்று தாய் ஜெபத்தில் ஒரு குரல் கேட்டாராம். 1255-இல் அவரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தையின் ஆணையே 'கிளாரா கிளாரிஸ் பிரேகிளாரா' என்று பெயரோடு விளையாடித்தான் தொடங்குகிறது. நோயில் கிடந்த அவர், போக முடியாத கிறிஸ்துமஸ் வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டு கேட்டதாக ஒரு மரபு உண்டு. அதனால்தான் 1950-களின் பிற்பகுதியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) இவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக்கினார். கண்ணும் காதும் சேர்ந்த பெயருக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன!

கதை வளத்தில் லூசியா முந்துகிறார். ஆனால் என்னைக் கேட்டால் கிளாரா. தமிழ் நாக்கு 'க்ளா'வுக்குள் ஓர் இகரத்தை நுழைத்துக்கொள்ளும், அதனால் பெயருக்குக் கேடில்லை. லூசியா அப்படியல்ல. வீட்டில் செல்லமாக 'லூசி' ஆகி, பள்ளிக்கூடத்தில் 'லூசு' ஆகிவிடும். அந்தக் கேலி பிள்ளைக்கு வலிக்கும். லூசியாதான் என்று முடிவு செய்தவர்கள் சுருக்காமல், முழுப்பெயராகவே கூப்பிட்டுப் பழக்குங்கள்.