கைதுக்குப் பிறகு: காவல் நிலையத்தில் நிற்பதா, ஜாமீன் வேலையைப் பார்ப்பதா?

போராட்டத்தில் ஒருவர் கைதானால், தமிழ்நாட்டில் பெரும்பாலும் எல்லாரும் காவல் நிலையத்துக்கே ஓடுகிறார்கள். அங்கே இரண்டு பேர் போதும். கைதான நேரத்தைக் குறித்துவையுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அவரை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தியாக வேண்டும். எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம் என்று கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கொடுங்கள். வாசலில் கூட்டம் கூடினால் அடுத்த வழக்கு அவர்கள் மேலேயே பாயலாம்.

ஜாமீன் பக்கம் ஆள் இல்லாததுதான் பெரிய சிக்கல். உத்தரவு வந்த பிறகு ஜாமீன்தாரரைத் தேடினால், அதுவரை ஆள் சிறையிலேயே இருப்பார். வழக்கமாக இரண்டு பேரைக் கேட்பார்கள்: ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, புகைப்படம், அசலும் நகலும். வரி ரசீது இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் திருப்பி அனுப்பிவிடக்கூடும். அதனால் மூன்றாவது ஆளும் தயாராக இருக்கட்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்கு அழையுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும்.

உதவிக்கு ஐந்து பேர்தான் என்றால் இரண்டு பேர் நிலையத்துக்கு, மூன்று பேர் ஜாமீனுக்கு. விடுமுறை நாளில் நடுவர் வீட்டுக்கே கூட்டிப்போவதுண்டு. வண்டி கிளம்பியதுமே நிலையத்தில் நிற்பவர் வக்கீலுக்குச் சொல்ல வேண்டும்.