பிளஸ் டூ பிள்ளைக்குப் பள்ளி வழிகாட்டலா, தனியார் கோச்சிங்கா?

வேலூர், குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளிப் பெற்றோர் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: பள்ளியில் தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்ட வழிகாட்டலும் நீட் பயிற்சியும் இலவசம். தனியாரில் கட்டணம், அதோடு பஸ், சாப்பாடு, மெட்டீரியல்.

நேரம்: ஒடுகத்தூரிலிருந்து தினமும் வேலூர் போய் வரும் பிள்ளைக்குப் படிப்பதற்குத் தெம்பு மிஞ்சுமா என்று பாருங்கள். பள்ளி வகுப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

பயிற்சியின் ஆழம்: இதில் நல்ல தனியார் மையம்தான் முன்னே நிற்கும். மாதிரித் தேர்வுகள் அடிக்கடி நடக்கும். பள்ளியிலோ ஆசிரியரின் ஆர்வத்தைப் பொறுத்தது.

விண்ணப்பம், கவுன்சலிங், உதவித்தொகை: இங்கே பள்ளி வழிகாட்டல்தான். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதையெல்லாம் கோச்சிங் மையம் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

ஒரு எச்சரிக்கை. கோச்சிங்குக்காகப் பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். மருத்துவத்திலும் பொறியியலிலும் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாலை கோச்சிங் போனால் அது போகாது. பள்ளி மாறினால் போய்விடும்.

சரி, யாருக்கு எது? பாகாயம் தந்தை பெரியார் அரசுப் பொறியியல் கல்லூரியோ முத்துரங்கம் கலைக்கல்லூரியோ போதுமென்றால் பள்ளி வழிகாட்டலே போதும். அங்கே பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்-ஆஃப். சி.எம்.சி. போன்ற மருத்துவக் கல்லூரி இலக்கு என்றால் நீட் கட்டாயம். பள்ளிப் பயிற்சியில் தொடங்கி, மாதிரித் தேர்வில் எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்த பிறகு தனியாருக்குப் பணம் கட்டுங்கள்.